தறிக்கு ஒரு வீடு

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலில் தொடங்கிப் பட்டில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வீடு என்று ஒன்று இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கைலாசநாதர் கோயிலைப் பற்றி, அதன் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களைப் பற்றி, நூல்களுக்குக் குறைவில்லை. அந்தக் கோயில் நிற்பது பிள்ளையார்பாளையத்தை ஒட்டி. பிள்ளையார்பாளையம் நெசவாளர் குடியிருப்பு. கோயிலைப் பார்த்துவிட்டு அந்தத் தெருக்கள் வழியே திரும்புகிறவனுக்குத் தாழ்ந்த கூரைகளுக்குக் கீழே இருட்டிலிருந்து சீரான ஓர் ஓசை கேட்கும். தறி என்று அவனுக்குத் தெரியும். அந்த ஓசைக்காகவே ஒரு வீடு கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியாது.

நம்மிடம் கட்டடக் கலை என்ற சொல்லுக்குக் கல் என்றே பொருளாகிவிட்டது. கல்லில் இருப்பது கலை. மரத்திலும் மண்ணிலும் இருப்பது வசதி, அல்லது வசதிக்குறைவு. போனால் போகிறதென்று செட்டிநாட்டு வீட்டுக்கு ஓர் இடம் தந்திருக்கிறோம். அதுவும் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் வாங்கித் தந்த இடம். செல்வம் தெரிகிற வீட்டைப் பார்க்க நமக்குக் கண் இருக்கிறது. உழைப்பு தெரிகிற வீட்டைப் பார்க்கப் பயிற்சி இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் பெரியவர் ஒருவரிடம், "உங்க வீட்டுல எத்தனை ரூமுங்க ஐயா?" என்று கேட்டேன். என் கேள்வியே தவறு என்பது போல் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு தறிங்க" என்றார். வீட்டை அளக்க அவரிடம் இருந்த அளவு அதுதான். அறை என்பது நம் அளவு. தறி போட்டது போக மிச்சமிருக்கிற இடத்தில் சமைக்கிறார்கள், படுக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அதற்கு அறை என்று பெயர் வைப்பது வெளியிலிருந்து வருகிறவன் பழக்கம்.

தெருவிலிருந்து பார்த்தால் இந்த வீட்டில் சொல்லும்படி ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டோடு ஒட்டி நிற்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் திண்ணை. கைமரங்களின்மேல் நாட்டு ஓடு, பிற்பாடு பழுது பார்த்தவர் கையில் மங்களூர் ஓடு. குனிந்து நுழைகிற உயரத்தில் நிலைப்படி. உள்ளே நடை, அடுத்துக் கூடம், பின்னால் சமையலுக்கு ஒரு தாழ்வாரம், கொல்லை. இந்த வரிசை தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் மற்ற வீட்டில் கூடம் வெற்றிடம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் கூடுவதற்காகக் காலியாக விட்டு வைத்த இடம் அது. முற்றத்து வெளிச்சம் அதில் வந்து விழும். இங்கே கூடத்தின் தரை வெட்டப்பட்டிருக்கிறது. வீட்டின் மையம் ஒரு குழி.

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளி தரையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிடுகிறான். பாதத்துக்கு அடியில் மிதிகட்டைகள். மிதித்தால் விழுதுகள் ஏறி இறங்கும். நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூல்கள் இரண்டு அடுக்காகப் பிரியும். பிரிந்த வாய்க்குள் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும். அச்சு வந்து அந்த ஊடையை அடித்து நெருக்கும். மரச்சட்டத்தின்மேல் தனியாக நிற்கிற தறிகள் உண்டு. குழித்தறிக்கு வீடே சட்டம். மிதி தரைக்குள் இருக்கிறது. அச்சு உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்குகிறது. பாவின் மறுகோடி எதிர்ச்சுவரின் ஓரம் இழுத்துக் கட்டப்படுகிறது. தறியின் உறுப்புகளை எண்ணினால் தரை, உத்திரம், சுவர் மூன்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். தறியைக் கழற்றி வெளியே கொண்டுபோகலாம்தான். கொண்டுபோனது பாதித் தறி.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் வீட்டின் ஒவ்வோர் அளவும் பேச ஆரம்பிக்கிறது. கூடத்தின் நீளம், தறியும் அதற்கு முன்னால் நீட்டிய பாவும் சேர்ந்த நீளம். ஜன்னல் சிறிதாக இருப்பதற்கு வறுமை மட்டும் காரணமல்ல. நேராக வெயிலும் காற்றும் பட்டால் நூல் உலர்ந்து அறும். குழியின் ஈரம் நூலுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் இழை தெரிய வெளிச்சமும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளின் சச்சரவுக்குக் கண்ட சமாதானம், ஓடுகளுக்கு நடுவில் பதித்த ஒற்றைக் கண்ணாடி. அது தறிக்கு நேர் மேலே இருக்கும். வீட்டில் வேறு எந்த இடத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. அடுப்பங்கரைக்கும் இல்லை, சாமி மாடத்துக்கும் இல்லை.

குழியின் அகலத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். காஞ்சிச் சேலையின் உயிர் கோர்வையில் இருக்கிறது என்பார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் வெவ்வேறு ஊடையால் நெய்து, சந்திக்கிற இடத்தில் ஊடைக்கு ஊடை கோத்து வாங்குவது கோர்வை. இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா வேண்டும். சேலையின் அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். நடுவில் இருப்பவன் கைக்கு மூன்று நாடாவும் அடங்காது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் திருப்பித் தரவேண்டும். ஆகவே காஞ்சித் தறியின் ஓரத்தில் எப்போதும் இன்னோர் ஆளுக்கு இடம் உண்டு. கரையும் உடலும் நிறம் மாறவேண்டும் என்ற ஓர் அழகியல் முடிவு, வீட்டின் தரையில் ஓர் ஆள் உட்காரும் அளவை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தெருவும் வீட்டைச் சேர்ந்தது. கூடத்துக்குள் அடங்காத வேலை ஒன்று உண்டு: பாவை முழு நீளத்துக்கும் விரித்து, இழை இழையாகச் சீர்செய்து, அறுந்ததைப் பிணைத்து, கஞ்சி போட்டு உலர்த்துவது. ஒரு பாவில் இரண்டு மூன்று சேலைக்கு நூல் இருக்கும். விடிகாலையில், வெயில் ஏறுமுன், தெருவின் நடுவே குச்சிகளை நட்டு அதை நீட்டுவார்கள். அக்கம்பக்கத்து வீட்டாரும் வந்து பிடிப்பார்கள். நெசவாளர் தெருக்கள் வளைவில்லாமல் ஓடுவதையும், இரு சாரியிலும் திண்ணைகள் ஓர் ஒழுங்கில் நிற்பதையும் இதனோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். வீட்டுக்குள் ஒருவன் வேலை. தெருவில் பத்துப் பேர் வேலை. தெருவை மோட்டாருக்கு விட்டுக்கொடுத்த அன்றே இந்த வீட்டின் ஒரு பகுதி இடிந்துவிட்டது. அதை யாரும் இடிப்பு என்று சொல்லவில்லை.

இந்த அமைப்பு எவ்வளவு பழையது? இன்று நிற்கிற வீடுகள் நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் போகாது. மண்ணும் மரமும் அதற்கு மேல் தாங்குவதில்லை. ஆனால் குடியிருப்பு பழையது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் கடைசியில், கச்சிப்பேட்டில் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளர்களைக் குறிக்கிறது. ஊரகத்துக் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களிடம் தரப்படுகிறது. அவர்களுக்கு அதில் பட்டசாலிகள் என்று பெயர். இதை வைத்துக்கொண்டு காஞ்சியில் ஆயிரம் ஆண்டாகப் பட்டு நெய்கிறார்கள் என்று சொல்லிவிட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 'பட்ட' என்ற வடசொல்லுக்குத் துணி என்றும் பொருள் உண்டு என்பதை அவர்கள் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். இவ்வூர்த் தறிகளில் நெடுங்காலம் ஓடியது பருத்தி. பட்டு முதன்மை பெற்றது மிகப் பிற்பாடு. அந்தப் பட்டு நூலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. காஞ்சிபுரத்துக்கு உரியது நூலல்ல, ஜரிகையல்ல. தறியும் கோர்வையும் அவை நடக்கிற வீடும்தான்.

சோழர் காலத்திலும் விஜயநகர காலத்திலும் கல்வெட்டுகள் தறியிறை என்ற வரியைப் பேசுகின்றன. அரசாங்கத்தின் கண்ணும் அந்தப் பெரியவரின் கண்ணும் ஒன்றாக இருந்திருக்கின்றன: தறியை எண்ணியிருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருந்த தண்டு, சங்கு உரிமைகளை, அதாவது பல்லக்கில் போகவும் சங்கு ஊதவும் இருந்த உரிமைகளை, வேறு ஊர்க் கைக்கோளருக்கும் வழங்கியதாகக் கல்வெட்டுகள் உண்டு. கைக்கோளரின் எழுபத்திரண்டு நாடுகளுக்கும் காஞ்சிபுரமே மகாநாடு, தலைமை இடம். பல்லக்கில் போக உரிமை பெற்ற சாதியின் வீட்டு நிலைப்படி குனிந்து நுழைகிற உயரத்திலேயே இருந்தது என்பதை வரலாற்று முரண் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பல்லக்கு தெருவுக்கு. வீடு தறிக்கு.

இனி, பாதுகாக்கப்பட்ட வீட்டுக்கு வருகிறேன்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், தக்ஷிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் நிறுவிய இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆரம்ப வடிவமைப்பு லாரி பேக்கருடையது. பின்னர் பென்னி குரியகோஸ் அதை முன்னெடுத்தார். உடைமையாளர்கள் இடித்து விற்க இருந்த வீடுகளை வாங்கி, தூண் தூணாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பழைய முறை தெரிந்த தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்தே திரும்பக் கட்டுவது அவர்கள் மேற்கொண்ட முறை. தென்னிந்திய மாநிலங்களின் வீடுகள் அங்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, தஞ்சைப் பக்கத்து விவசாயி வீடு. அவற்றோடு காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றும்.

பெயரைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே மாமண்டூர்க் குகையில் உள்ள மகேந்திர பல்லவனின் சிதைந்த கல்வெட்டில் வருகிற சொல் தக்ஷிணசித்ரம். தென்னாட்டு ஓவியம் பற்றிய ஒரு நூலை அது குறிப்பதாகக் கொள்கிறார்கள். நூல் போய்விட்டது, பெயர் மிஞ்சியது. பெயரும் காஞ்சியின் பக்கத்திலிருந்து, வீடும் காஞ்சியிலிருந்து. இரண்டும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

வீட்டைப் பிரித்து எடுத்துப்போய் வேறிடத்தில் நிறுத்துவது ஸ்வீடனில் பெயர்பெற்ற யோசனை. ஆர்தர் ஹாஸேலியுஸ் என்பவர் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்ஸென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை ஆரம்பித்தார். தொழிற்சாலைகள் பெருகி, குடியானவர்கள் ஊரை விட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். போகிறவர்கள் விட்டுச்சென்ற வீடுகளை அவர் ஒரு குன்றின்மேல் சேகரித்தார். அந்த யோசனை உலகெங்கும் பரவியதற்கு அர்த்தமிருக்கிறது: கூட்டிப் பார்க்கிறபோது மட்டுமே தெரிகிற விஷயங்கள் உண்டு. தக்ஷிணசித்ராவிலேயே மூன்று நெசவாளர் வீடுகளைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் ஒன்று, கர்நாடகத்து இல்கல் ஒன்று, ஆந்திரப் பிரிவில் நிற்கிற, நூலிலேயே சாயம் கட்டி நெய்கிற இக்கத் நெசவாளர் வீடு ஒன்று. இல்கல் வீடு கல்லை நம்பி நிற்கிறது. இக்கத் நெசவாளர் வீடு திறந்த முற்றத்தைச் சுற்றி நிற்கிறது. கல் கிடைக்கிற ஊரில் கல், மரம் கிடைக்கிற ஊரில் மரம். தொழில் ஒன்று, பதில்கள் வேறு. இதைப் பிள்ளையார்பாளையத்தில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ள முடியாது. அந்த அளவுக்கு நான் அருங்காட்சியகத்தின் கட்சி.

ஆனால் அங்கே நிற்கிற வீட்டுக்குப் பக்கத்து வீடு கிடையாது. காஞ்சி வீடு அடுத்த வீட்டோடு தோள் சேர்த்து நின்றது. கடற்கரையில் நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி தனியாக நிற்கிறது. பாவு நீட்டப் பத்துப் பேர் வரும் தெரு இல்லை. நூலைக் கொடுத்து, கூலியை நிறுத்தி, முன்பணத்தைக் கணக்கில் எழுதும் பெரிய கடை இல்லை. தறியை அங்கே போட்டுக் காட்டலாம்; கடனைப் போட்டுக் காட்ட முடியாது. நெசவாளி வீட்டைத் தாங்குகிற தூண்களில் அந்தக் கணக்குப் புத்தகமும் ஒன்று என்று நினைக்கிறவன் நான். இது அருங்காட்சியகத்தின் குற்றமல்ல. எந்த அருங்காட்சியகமும் பொருளைத்தான் காப்பாற்ற முடியும். வீடு முழுக்கப் பொருள் அல்ல என்பது நமக்கு நினைவிருந்தால் போதும்.

இங்கே ஒரு பெரிய சங்கடம் வருகிறது. அதை மழுப்பினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. பழைய வீடு அழகானது, அது அப்படியே இருக்கவேண்டும் என்று சொல்வது யார்? அதில் வாழாதவர்கள். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறும், தறி நிற்கும், கூலி நிற்கும். ஈரத்தில் நாள் முழுக்கக் கால் தொங்கவிட்டவனுக்கு முழங்காலும் இடுப்பும் என்ன ஆகின்றன என்பதைத் தறி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒற்றைக் கண்ணாடி வெளிச்சத்தில் நாற்பது வயதுக்குள் கண் மங்கிவிடும். அந்த வெளிச்சக் கீற்றை யாராவது அழகான புகைப்படமாக எடுத்துக் காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. படம் நன்றாக இருக்கிறது என்பதால் கோபம் இன்னும் அதிகமாகிறது.

தறியே மாறியபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். பிரான்சில் ஜக்கார்டு 1804இல் செய்த இயந்திரம், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கிப் பூவேலை செய்வது. அது தறிக்கு மேலே ஏறி உட்காருவது. எனவே தறி உயர்ந்தது. லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் பழைய தாழ்ந்த வீடுகளை விட்டு, க்ரோவா ரூஸ் குன்றில் புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்குக் குடிபோனார்கள். அங்கே கூரையின் உயரம் ஏறத்தாழ நாலு மீட்டர். மனிதன் அப்படி உயரமாக வளர்ந்துவிடவில்லை, இயந்திரம் வளர்ந்தது. ஜன்னல்களும் அதே கணக்கில் உயர்ந்தன. அதே நெசவாளர்கள்தான் 1831இல் கூலிக்காகக் கலகம் செய்து நகரத்தையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள். பட்டு நெசவின் வரலாற்றில் கூரையும் கூலியும் பிரித்துச் சொல்ல முடியாதவை.

காஞ்சிக்கு அந்த இயந்திரம் வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். அதுவரை கரையின் பூவேலைக்கு அடை என்ற கட்டுமுறை இருந்தது. இழைகளை இழுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஜக்கார்டுப் பெட்டி அந்த ஆளை நீக்கியது, ஆனால் கூரையைக் கேட்டது. லியோனில் நடந்தது போல் இங்கே புதிய தெரு எதுவும் எழவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் கையிருப்புக்கேற்பச் சமாளித்தான். ஒருவன் உத்திரத்தை வெட்டினான். ஒருவன் கூடத்துக்கு மேலே மட்டும் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் உயர்த்தினான். கொஞ்சம் பணம் பார்த்தவன் முழுவதையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டான். அந்தக் கான்கிரீட் வீடுகள் அவலட்சணமானவை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோது புரிந்தது: கூடத்தின் உயரம் இன்னும் தறியைக் கேட்டே போடப்பட்டிருக்கிறது. முகப்பு சினிமாவிலிருந்து வந்ததாக இருக்கட்டும். உள்ளளவு பழைய வீட்டின் வாரிசு. மரபு என்று எதையாவது சொல்லவேண்டுமானால் நான் இதைச் சொல்வேன், பூ செதுக்கிய நிலைக்கதவை அல்ல. நிலைக்கதவு பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து கடற்கரை ஹோட்டல்களுக்குப் போய்விடுகிறது. போகட்டும்.

கோர்வைக்காகத் தறியோரம் வெட்டி வைத்த இடத்துக்கு இப்போது வருகிறேன். அதில் உட்கார்ந்தது பெரும்பாலும் குழந்தை. வீட்டுப் பிள்ளை, இல்லாவிட்டால் முன்பணம் வாங்கிய இன்னொரு வீட்டின் பிள்ளை. எட்டு வயதுக் கை அந்த நாடாவுக்குப் போதும், எட்டு வயது உடம்பு அந்த இடத்தில் அடங்கும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம் 1948இல் வந்தது. வீட்டு நிலைப்படியோடு அது நின்றுவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. குடும்பத்தார் சேர்ந்து வேலை செய்யும் பட்டறைக்கு அதன் தடை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்திப் பதினாலு வயதுக்குட்பட்டவர்களை எல்லாத் தொழிலிலும் தடுத்தபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற வாசல் திறந்தே வைக்கப்பட்டது. சட்டத்தின் மொழியில் 'குடும்பம்' என்பது உறவைக் குறிக்கிற சொல். காஞ்சிபுரத்தில் அது ஒரு கூரையையும் நாலு சுவரையும் குறித்தது. உள்ளே நடப்பதெல்லாம் குடும்பம். இந்த வீட்டின் கட்டடக் கலையைப் பற்றி எழுதுகிறவன், திண்ணைக்கும் தூணுக்கும் சொல் தேடிவிட்டு இந்தச் சுவரின் வேலையைச் சொல்லாமல் விட்டால், அவன் எழுதியது பாதி வீடு.

சட்டம் இந்த வீட்டுப் பக்கம் வேறு எப்படியெல்லாம் வந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன். கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985இல் ஒரு சட்டம், தறிக்குப் பாதுகாப்பு. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. துணிக்கும் ஊர்ப் பெயருக்கும் பாதுகாப்பு. புவி என்கிறார்கள், ஆனால் அந்தப் புவியில் எந்தக் கூரைக்கு அடியில் என்பது எங்கேயும் வராது. பழஞ்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறாண்டு கடந்ததைக் காப்பாற்றும். அது கைலாசநாதர் கோயிலைக் காக்கிறது. அந்தச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அந்த வளையத்துக்குள் விழும் வீடு எதுவானாலும், நெசவாளி வீடானாலும், சட்டத்தின் கண்ணில் அது கோயிலின் சுற்றுப்புறம். ஜக்கார்டுக்காகக் கூரையை உயர்த்த நினைப்பவன் அந்த வளையத்துக்குள் இருந்தால் முதலில் ராஜசிம்மனிடம் கேட்கவேண்டும். தொல்லியல் இந்த வீட்டுக்கு அருகே வந்த ஒரே சந்தர்ப்பம் இதுதான், வந்ததும் தடை சொல்லத்தான்.

ஊருக்குள் பாதுகாக்கப்படும் வீடு ஒன்று உண்டு. அண்ணாவின் நினைவு இல்லம். 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் இங்கிருந்துதான் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 1953இல் கைத்தறி நெசவாளர்கள் வேலையின்றித் தவித்தபோது திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். அவர் வீட்டை அரசு வைத்துப் பராமரிப்பது சரியான காரியம். ஆனால் அங்கே பாதுகாக்கப்படுவது ஒரு மனிதரின் ஞாபகம். வீடு அதற்கு உறை. இன்ன தெருவில், இன்ன தொழில் செய்த சாதி, இன்ன அளவில் ஏன் வீடு கட்டிக்கொண்டது என்ற கேள்விக்கு அந்த வீட்டைச் சாட்சியாக அழைக்க நமக்குத் தோன்றவில்லை. தலைவர் வாழாத வீட்டுக்கு வரலாறு உண்டு என்பதையே நாம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே எல்லா வீட்டையும் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. ஒன்று கடற்கரையில் நிற்கிறது, நிற்கட்டும். ஊரில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியபடி இடித்துக் கட்டிக்கொள்ளட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். குழி மூடப்படுமுன் யாராவது ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அதை அளக்கவேண்டும். ஆழம், அகலம், உத்திரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, கண்ணாடி இருக்கும் இடம், கோர்வைக்காரப் பிள்ளையின் இடம். நம் கட்டடக் கலைக் கல்லூரிகள் மாணவர்களைப் பஸ் வைத்து மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போகின்றன. காஞ்சிபுரத்துக்கும் கூட்டிவருகின்றன, கோயில் வாசலில் இறக்கிக் கோயில் வாசலிலேயே ஏற்றிக்கொள்கின்றன.

கடைசியாக நான் பார்த்த வீட்டில் தறி இல்லை. மகன் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போகிறான். கூடம் முழுக்க மொசைக் போட்டிருக்கிறார்கள். நடுவில் மட்டும் நீள்சதுரமாக, நிறம் சற்று வேறாக, சிமெண்டுப் பூச்சு. அதன்மேல் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கும், மழை வந்தால் இந்த இடம் மட்டும் முதலில் ஈரம் காட்டிவிடும் என்றார் வீட்டுக்காரம்மாள். இரண்டு தடவை கொத்திப் பூசியாகிவிட்டதாம்.